நீல மூடி டின்

அன்று அந்த அடுப்படியில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் கேக் அக்கா. இந்தப் பக்கம் நான். கதவில் சாய்ந்துகொண்டு என் மகள். அவளுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாள் கேக்குக்குத்தான் அன்று கிரீம் அடிக்கப் போகிறோம். அப்புறம் ஒரு லோரிக்கார அண்ணன். தன் மகன் பிறந்தநாளுக்கு முன்பணம் கொடுக்க வந்தவர், டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. இதை ஏன் எண்ணிச் சொல்கிறேன் என்றால், "கடை நெறைய ஆளுங்க இருக்கறப்ப என் மானத்த வாங்கிட்டா" என்று அக்கா பிறகு பலரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடை நிறைய ஆள் இல்லை. நாங்கள் நான்கு பேர்தான்.

அந்த அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு பெரிய டின்கள் இருக்கும். சிவப்பு மூடி போட்டதில் நல்ல சாக்லேட். கொக்கோ பட்டர் உள்ளது. உடைத்தால் டக்கென்று சத்தம் வரும், நாக்கில் வைத்தால் தானாகக் கரைந்து இறங்கும். நீல மூடி போட்டதில் இருப்பது கொக்கோத் தூளோடு செம்பனை எண்ணெய் சேர்த்துக் கட்டியாக்கியது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்டரோடு அடித்துக் கிரீமாக்கிவிட்டால் சுத்தமாக அடையாளம் தெரியாது. சாப்பிட்டு முடித்தபின் மேல் அண்ணத்தில் மெழுகு தடவியதுபோல் ஒரு படலம் நின்றால், அது நீலம்.

எந்த டின்னில் செய்தாலும் கேக் விலை ஒன்று. கேக் கேட்டு வருகிறவரை அக்கா ஒரு பார்வை பார்ப்பார். செருப்பு, வண்டிச் சாவி, பேசும் பாஷை எல்லாம் அந்த ஒரு பார்வைக்குள் வந்துவிடும். ஆள் போன பிறகு என்னிடம் ஒரு வார்த்தைதான் சொல்வார். சிவப்பு. அல்லது நீலம். என் மகளுக்கு எதைச் சொல்லப்போகிறார் என்பது அந்த வருடம் முழுவதும் எனக்கிருந்த கவலை.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் கேக் அக்கா வீட்டைக் காட்டுவார்கள். பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. தெருவோர வீடு, முன்வாசலைக் கிரில் போட்டு அடைத்துக் கடையாக்கியிருந்தார். நான் இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள். பேக்டரி, துணிக்கடை என்று சுற்றிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா, ஐஸ்பெட்டிக் கதவு சரியாகச் சாத்தியதா, சீனி என்று நினைத்து உப்பைக் கொட்டிவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். "கதவு எங்கயும் ஓடிப்போவாதுடி" என்பார் அக்கா.

நான் சேர்ந்த புதிதில் சிவப்பு, நீலம் என்ற பேச்சே கிடையாது. அது வந்ததற்குக் காரணம் நான்தான்.

ஒருநாள் அக்கா பாசாருக்குப் போயிருந்தார். சாமான் இறக்க வந்த ஆள் கிரில் வழியாக ஒரு தாளை நீட்டி, "அக்கா, கம்பவுண்டு இருபது. ஒரு சைன் போடுங்க" என்றார். எங்கள் ஊரில் கம்பவுண்டு என்றால் அபராதம். தப்பான இடத்தில் வண்டியை விட்டால் கம்பவுண்டு, லைசென்ஸ் இல்லாமல் கடை போட்டால் கம்பவுண்டு. நல்ல சாக்லேட் அல்லாத இந்த மட்டச் சாக்லேட்டுக்கும் அதே பெயர்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிரில்லைப் பூட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கம்பவுண்டு குடுக்க ஆள் வந்துட்டாங்க. இருபதாம்."

அக்கா கடைக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. "லைட்ட அடை. போர்ட கழட்டி உள்ள போடு. வீட்ல யாரும் இல்லன்னு சொல்லு" என்றார். நான் கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த ஆள் முகத்தைப் பார்த்தே "வீட்ல யாரும் இல்ல" என்றேன். அவர் இருபது பெட்டியையும் வெயிலில் அடுக்கிவிட்டு, "அப்ப நீங்க யாரு அக்கா?" என்று கேட்டார்.

அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு பெட்டியைப் பிரித்து விரலால் அமுக்கிப் பார்த்தார். இவ்வளவு வெயிலுக்கும் அசையாமல் இருந்தது. "நல்ல சாக்லேட்டா இருந்தா இந்நேரம் கொழம்பு. இதுலயும் ஒரு புண்ணியம் இருக்கு பாத்தியா" என்றார். மறுநாள் சிரிப்பு இல்லை. இரண்டு டின் வாங்கி வந்தார். "அந்த வார்த்தை இனிமே இந்த வீட்ல கேக்கக்கூடாது. வரவங்களுக்கும் இங்கிலீஷ் தெரியும்" என்றார். அன்றிலிருந்து நீலம்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பொட்டுப் பொட்டாக வரும் சிப்ஸை வாங்கவே மாட்டார். "அது பிஸ்கட்டுல உருகாம நிக்கறதுக்குச் செஞ்சது. உருகாதன்னு சொல்லி வளத்ததுகிட்ட உருகுன்னா கேக்குமா?" பால் சாக்லேட்டைக் கண்டால், "ஐசிங் சீனி மேல இன்னொரு சீனி" என்பார். எழுபது விழுக்காட்டுக் கறுப்பு தனியாகத் தின்னத்தான் லாயக்கு, கிரீமில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்பார். ஐம்பத்தைந்துதான் அவர் அளவு. வெந்நீர்ப் பானையின்மேல் கிண்ணத்தை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் உருக்குவார். பிறகு காத்திருப்பார். ரப்பர் கரண்டி நுனியைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். "சூடும் தெரியக்கூடாது, குளுரும் தெரியக்கூடாது. ஒதடே இல்லாத மாதிரி இருக்கணும்." சூடாக ஊற்றினால் பட்டர் உருகி ஓடும். ஆறவிட்டு ஊற்றினால் கிரீம் மணல் மணலாகத் திரியும். இதனால் அவர் உதட்டில் எந்நேரமும் ஒரு பழுப்புப் பொட்டு இருக்கும். கோயிலுக்குப் போகும்போதுகூட இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீலத்துக்கும் இதே காத்திருப்பு, இதே உதடு. மட்டமான பொருளுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து வேலை செய்வார். ஏமாற்றுகிறவர் அலட்சியமாக இருந்தால் நாமும் ஒரு முடிவுக்கு வரலாம்.

பங்சாரிலிருந்து வரும் வக்கீலம்மா சிவப்பு. போர்ட் கிள்ளானில் கிடங்கு வைத்திருக்கும் சீன முதலாளி, எல்லாருக்கும் அவர் 'போஸ்', சிவப்பு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நீலம், கோயில் கமிட்டிக்காரர் நீலம். கம்போங் மேடானிலிருந்து மழையில் மோட்டாரில் வந்த கல்யாண ஜோடி, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே நீலம். "நம்மாளுங்களுக்கு இனிப்பா இருந்தா போதும்லா" என்பார். அந்த 'நம்ம' என்ற சொல்லுக்கு உள்ளே நின்று சொல்கிறாரா, வெளியே நின்று சொல்கிறாரா என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு டாக்டரின் மனைவி வந்தார். நம்மாள்தான். ஆனால் காரைப் பார்த்து அக்கா சிவப்பு என்றார். மறுநாளே போன். "என்னங்க கேக் இது, கசக்குது. பிள்ளைங்க தொடவே இல்ல." அடுத்த மாதம் அதே அம்மா இன்னொரு கேக் கேட்டபோது அக்கா நீலத்தை எடுக்கச் சொன்னார். இந்த முறை வந்த போன், இப்படி ஒரு கேக்கைச் சாப்பிட்டதே இல்லை என்று. அக்கா போனை வைத்துவிட்டு நீல மூடியை அழுத்தி மூடினார். அப்புறம், "கார் பெருசு, நாக்கு சின்னது" என்றார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. யாரோ அவரைத் தோற்கடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் கேக் அடுப்படியில் வேலை செய்து கற்றுக்கொண்டவர். ஒருமுறை முட்டை உடைத்துக்கொண்டே சொன்னார். அங்கே விருந்தாளிகளுக்கு ஒரு கேக், வேலைக்காரர்கள் பிறந்தநாளுக்கு வேறு கேக். "ஏன் செஃப் ரெண்டுன்னு கேட்டேன். உங்க ஆளுங்களுக்கு இனிப்புதான் புடிக்கும்னான். ஆமா செஃப்னு தலையாட்டிட்டு நானும் தின்னேன்லா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவரை முழுசாக வெறுக்கவும் எனக்கு வழியில்லை. என் மகளுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். மலாயில் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் நர்ஸிடம் பேசினார், கட்டில் கிடைக்கும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. கஞ்சியை அவரே ஊட்டினார். "என் பொண்ணு மாதிரி" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்த மகளுக்குத்தான் இருபத்தொன்று. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்து பெரிய விசேஷம் அதுதானே. டேவான் மண்டபம் எடுத்து, பிரியாணி போட்டு, இனி பெரிய மனுஷி என்பதற்கு அடையாளமாகக் கேக் நடுவில் ஒரு பெரிய சாவியை நட்டு வைப்பது. எங்கள் குடும்பத்தில் அந்த வயதில் கையில் புத்தகத்தோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். போர்ட் கிள்ளானில் நாங்கள் இருந்த பிளாட்டுக்குக் கீழே உள்ள டேவானுக்கு நான் பணம் கட்டிவிட்டேன். அக்கா கேக் தன் செலவு என்றார். விலை போட்டால் முன்னூற்று இருபது வெள்ளி ஆகும் கேக். "காசப் பத்திப் பேசுன, அடி விழும்" என்றார். எந்த டின் என்று மட்டும் சொல்லவில்லை. நான் பேச்சைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோவேன். "நான் பாத்துக்கறேன்லா" என்பார். அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுத்தபடி புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன்.

அந்த நாள், அக்கா பட்டரை வெள்ளையாகும்வரை அடித்து முடித்தார். மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"நீலத்த எடு."

நான் நின்றேன்.

"என்ன மரமாட்டம் நிக்கற? பட்டர் எளகுது."

லோரிக்கார அண்ணன் டீயை ஊதிக்கொண்டே, "நீலமா? பொம்பளப் பிள்ளைக்கு ரோஸ் போடலாமே அக்கா" என்றார்.

"நீங்க டீயக் குடிங்க அண்ணே."

"நீலம்னா என்னம்மா?" என்றாள் என் மகள்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா, சிவப்பு போடுவோமே. வித்தியாசத்த என் சம்பளத்துல புடிச்சுக்குங்க" என்றேன்.

"என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே வெலதான. எதுல எதக் கழிக்கச் சொல்ற?"

அவரே தொடர்ந்தார். "அந்த டேவான்ல ஏர்கோன் இல்ல. நாலு ஃபேன். சிவப்பு நிக்காது. சாவி சாஞ்சிரும். போட்டோல கேக் அழுதுகிட்டு நிக்கும். அதான் வேணுமா உன் மகளுக்கு?"

அவர் சொன்னது உண்மைதான். சிவப்பு அந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஆனால் போன மாதம் கிடங்கு போஸின் அம்மாவுக்குக் கடலோரச் சாப்பாட்டுக் கடையில் விருந்து. அங்கே சுவரே கிடையாது.

"போஸ் அம்மாவுக்கு ஐஸ் பெட்டில வச்சுக் கொண்டுபோனோமே அக்கா. நான்தான மடில வச்சிருந்தேன். வெட்டறப்பதான் வெளிய எடுத்தோம். நின்னுச்சே."

அக்கா துடைக்கிற துணியை எடுத்தார். "அவங்க ருசி தெரிஞ்ச ஆளுங்க."

"என் பொண்ணு?"

"உன் பொண்ணு நல்ல பொண்ணுதான்டி. கூட வரப்போறது யாரு? உன் ஆளுங்க. பிரியாணி தின்ன தட்டுலயே கேக்க வாங்கித் தின்னுட்டுக் கைய கழுவப் போறாங்க. அதுக்கு எதுக்கு ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு அலையணும்?"

லோரிக்கார அண்ணன் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். "அக்கா, எனக்கு நீங்க போடறது எது?"

அக்கா பட்டர் கிண்ணத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கப் பயப்படும் நான், அன்று சொன்னேன்.

"நீலம்ண்ணே. செம்பனை எண்ணெய்ல செஞ்சது. உங்களுக்கு எப்பவும் அதான்."

அண்ணன் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எங்களிடம் கேட்பதுபோல் இருந்தது அது. யாரும் ஆமாம் என்று சொல்லாததால் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேக் எடுக்கவும் அவர் பிறகு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கிரில் சாத்துகிற சத்தம் கேட்டபின் அக்கா என்னைப் பார்த்தார். "இத்தன வருஷமா நீதானடி கிளறுன. அப்ப உன் வாய் எங்க போச்சு?"

என் மகள் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாள் விருந்து. வேறு கேக்குக்கு எங்கே போவது? நானே குனிந்து நீல மூடி டின்னை எடுத்தேன். நானே உடைத்தேன். அக்கா உருக்கினார், காத்திருந்தார், உதட்டில் வைத்துப் பார்த்தார். ஒரு குறை வைக்கவில்லை. கிரீம் பட்டுத்துணிபோல் வந்தது. வேலை முடிந்ததும் பர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்த இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்துத் தராசுக்குக் கீழே வைத்தேன்.

"என்னது?"

"கேக்குக்கு. மீதிய மாசா மாசம் கட்டறேன்."

"உன்கிட்ட காசு வாங்குவனா நான்?"

"எல்லாருக்கும் ஒரே வெலதான அக்கா."

அப்போது அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. அந்த ஹோட்டல் கதையைச் சொல்லிவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு போன பிறகு இருந்த முகம்.

விருந்துக்கு வந்தார். பட்டுச்சேலை கட்டி, கேக்கைத் தானே தூக்கிவந்து, சாவியைத் தன் கையாலேயே நட்டார். நாலு ஃபேனுக்குக் கீழே அந்தக் கேக் ஒரு முத்து வேர்வை இல்லாமல் நிமிர்ந்து நின்றது. போட்டோவில் இன்றைக்கும் நிற்கிறது. அக்கா சுவரோரமாக நின்று கேக்கைப் பார்க்காமல் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் காலியாகத் திரும்பின. யார் செய்தது, நம்பர் கொடுங்கள் என்று என் நாத்தனாரே கேட்டாள். தட்டு காலியாகத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். படலம் வந்து அண்ணத்தில் ஒட்டியது. நாக்கால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. என் மகள் தன் துண்டை ஒரு பொடி விடாமல் தின்றாள். "நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள், தட்டைப் பார்த்தபடியே.

வீட்டில் மொய்ப்பணம் வைத்த அங்பாவ் உறைகளைப் பிரித்தோம். அக்கா பெயர் எழுதிய உறைக்குள் நாலாக மடித்த இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டுகள் இருந்தன. மடிப்பைக்கூட மாற்றவில்லை.

அதன்பிறகு நான் அந்த வேலைக்குப் போகவில்லை. துறைமுகத்தில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டப் போனேன். முதல் சம்பளத்தில் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. தகப்பன் கால் சப்பாத்தில் சிமெண்டு. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "நல்ல சாக்லேட்டா போடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா அந்தப் பணத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உதட்டில் அந்தப் பழுப்புப் பொட்டு. நான் நீட்டிய நோட்டுகளைத் தொடவில்லை. கிரில்லுக்கு முகத்தைக் கொண்டுவந்து, மெதுவாக, சொந்தக்காரியிடம் சொல்கிற குரலில் சொன்னார்.

"நீலத்துக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாங்களாடி?"

பணத்தை மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அடுத்த வருடம் மகளே போய்ப் பார்த்தாள். கிரில்லில் பூட்டு, உள்ளே வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். அக்கா வெளியூரிலிருந்த தன் மகனோடு போய்விட்டாராம், எங்கே என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தை நான் இன்னும் செலவழிக்கவில்லை. அரிசி வாங்கக் காசில்லாத மாதத்திலும் அதைத் தொட்டதில்லை. நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி, முன்னூற்று இருபது வெள்ளி.